நானூறு அடி ஃபிலிம், நான்கு நிமிடம்

நடந்தது இது:

1. ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு நானும் ஜெசியும் எர்ணாவூர் இருட்டறைக்குள் போனோம். பாக்கெட்டில் இருந்தவற்றை வெளி அலமாரியில் வைத்தோம். கதவை உள்ளே தாழிட்டோம்.
2. விளக்கை அணைத்துவிட்டு, நானூறு அடி ஸ்லைடு ஃபிலிம் இருந்த கேனைத் திறந்தோம்.
3. முதல் நூறு அடியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சுருளின் நடுவிலிருந்த கட்டை கழன்று விழுந்தது. ஃபிலிம் சரிந்தது.
4. ஒரு நாற்றம் வந்தது. காற்றை இழுக்கும் ஃபேனை அணைத்தேன்.
5. கீழ்வீட்டு சரசக்கா மாடிக்கு ஓடி வந்து கதவைத் தட்டினார். “வரோம்க்கா” என்றேன். அவர் போய்விட்டார்.
6. “மூடியாச்சா?” என்று ஜெசியைக் கேட்டேன். பதில் இல்லை.
7. தாழ்ப்பாளில் கை வைத்தபடி நான்கு நிமிடம் காத்திருந்தேன்.
8. கதவைத் திறந்தேன்.

ஏழாவது வரிக்காகத்தான் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன்.

வரும் சனிக்கிழமை முதல் அந்த அறை உங்கள் கையில். ஐந்து வருடம் அது என் கையில் இருந்தது. நான் அதற்குள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது; இனியும் போவதாக இல்லை. கெமிக்கல் கலக்கும் அளவு, தண்ணீரின் சூடு, ஒவ்வொரு தொட்டியிலும் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துச் செய்தால் தப்பாது. சுவரில் ஒட்ட முடியாததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில், எதற்காக இத்தனை பாடு என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். என் அம்மாவும் கேட்டார். கடையில் ஸ்லைடு ஃபிலிமை ரோல் ரோலாக வாங்கினால் நம்மில் பலருக்கு வருடத்துக்கு இரண்டுதான் கட்டுப்படியாகும். அதே ஃபிலிம் சினிமா கேமராவுக்கென்று நானூறு அடிச் சுருளாக, தட்டையான தகரக் கேனில் வருகிறது. அகலம் ஒன்றுதான். ஓரத்து ஓட்டைகளும் நம் கேமராவின் பல்லில் உட்காரும். சினிமா நெகட்டிவ் ஃபிலிமின் முதுகில் இருக்கிற கரிப்பூச்சு இதில் கிடையாது. அதனால் வழக்கமான ஸ்லைடு கெமிக்கலிலேயே கழுவலாம். இருட்டில் அதைப் பிரித்துப் பழைய உருளைகளில் சுற்றிக்கொண்டால் ஒரு கேனுக்கு எழுபது ரோல் தேறும். பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கேன் வாங்குகிறோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் இருக்கிறார், தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் இருக்கிறார், ராயபுரத்தில் டீச்சர் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டுப் பார்க்கிறோம். நெகட்டிவ் என்று ஒன்று தனியாக இல்லை. கேமராவுக்குள் ஓடிய அந்தத் துண்டேதான் படம்.

அப்படியென்றால், கேன் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு கோடு வெளிச்சம் உள்ளே வந்தால் பதினெட்டுப் பேரின் ஒரு வருடம் போய்விடும். அந்த அறைக்குள் என் பயம் முழுவதும் வெளிச்சத்தைப் பற்றித்தான் இருந்தது. ஐந்து வருடமும் வெளிச்சத்தைத் தவிர வேறு எதற்கும் நான் பயப்படவில்லை. அங்கேதான் பிசகினேன்.

ஜெசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்துப் பெண். அவள் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் இருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னைவிட நல்ல கை. ஈரமான விரலால் ஃபிலிமைத் தொட்டால் தடம் விழும். ஜெசியின் விரல் வியர்த்து நான் பார்த்ததில்லை. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள் என்பதால் இருட்டிலும் முனகிக்கொண்டே இருப்பாள். அவள் அறையில் எங்கே நிற்கிறாள் என்பதை அந்த முனகலை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அந்த அறைக்கு நான் மூன்று விதிகள் எழுதினேன். டிப்ளமோவில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் வீணான ஃபிலிம் இருக்கிறது.

முதல் விதி, பாக்கெட்டில் எதுவும் இருக்கக் கூடாது. முதல் வருடம் பாதிச் சுருள் மேஜையில் இருக்கும்போது என் சட்டைப் பாக்கெட்டில் ஃபோன் ஒளிர்ந்தது. அம்மா. சாப்பிட்டாயா என்று கேட்கக் கூப்பிட்டிருந்தார். பதினாறு ரோல் ஃபிலிம் போன பிறகுதான் அன்று சாப்பிட்டேன்.

இரண்டாவது விதி, உள்ளே தாழ்ப்பாள். அதுவரை கதவில் ‘திறக்காதீர்கள்’ என்ற பலகை மட்டும்தான் இருந்தது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் பலகையைப் படித்துவிட்டுத்தான் திறந்தார். “மீட்டர் உள்ள கீதான்னு பாத்தேம்மா. இல்லியா? சரி, மூடிக்க.” ஜெசி ஒரு வாரம் அவரைப் போலவே பேசிக்காட்டிக்கொண்டிருந்தாள். நான் அன்று மாலையே தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டினேன்.

மூன்றாவது விதிக்குக் காரணம் நாங்களே. வேலை முடிந்தது என்று நினைத்து “ஆச்சா?” என்றேன். “ம்” என்றாள் ஜெசி. கதவைத் திறந்தேன். அந்த ‘ம்’ எனக்குச் சொன்ன பதில் இல்லை, பாட்டின் ஒரு துண்டு. அதற்குப் பிறகு விதி இப்படி ஆனது: கதவருகே இருப்பவர் “மூடியாச்சா?” என்று கேட்க வேண்டும். கேன் பக்கம் இருப்பவர் “மூடியாச்சு” என்று முழு வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ‘ம்’ கணக்கில் இல்லை. அந்த வார்த்தை வராமல் கதவு திறக்கக் கூடாது.

“இன்னாடி இது, பூசைல சாமியார் ஒண்ணு சொன்னா நாங்க ஒண்ணு சொல்வோமே, அத்த மாரியா?” என்றாள் ஜெசி.

“அதே மாதிரிதான். தப்பாச் சொன்னா பூசை செல்லாது.”

“அப்ப உனக்கு அங்கியும் ஒண்ணு தெச்சுடுறேன். கறுப்புல.”

அந்த விதிகளோடு மூன்று வருடம் ஒரு அடி ஃபிலிம்கூட வீணாகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மற்ற ஊர்களில் இதே வேலை செய்கிறவர்களுக்கும் அனுப்பி வைத்தேன்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

கேன் எப்போதும் சரசக்கா வீட்டு ஃபிரிட்ஜில்தான் இருக்கும். அவர் கீழே இட்லிக் கடை நடத்துகிறார். மாவுக்காகப் பெரிய ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறார். எங்கள் கேனுக்கு அவர் வைத்த பெயர் ‘அரிசி அப்பளம்’. குளிர்ந்த கேனை உடனே திறந்தால் ஃபிலிமில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் முந்தின நாளே எடுத்து வெளியே வைத்துவிடுவோம்.

“அப்பளத்த எட்த்துகினு போங்கமே, எனக்கு எடம் பத்தல” என்று புதன்கிழமை அவரே கொடுத்தார்.

மறுநாள் ஜெசி வரும்போதே லேசாக இருமினாள். இரண்டு நாளாகக் கொடுங்கையூர்ப் பக்கம் குப்பை எரிந்து புகை வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு. எனக்குத் தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். அவளிடம் இன்ஹேலர் இருப்பதும் தெரியும். அதை அவள் சுடிதார் பாக்கெட்டிலிருந்து எடுத்து, ஃபோனோடு சேர்த்து வெளி அலமாரியில் வைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விதியை அவள் மதிக்கிறாள் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

உள்ளே போனோம். கதவடி இடுக்கில் கறுப்புத் துணியைத் திணித்தேன். விளக்கு அணைந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை ‘பீப்’ என்று அடிக்கும் சின்னக் கடிகாரம் ஒன்று அங்கே உண்டு. இருட்டில் அதுதான் நேரம். கேனைச் சுற்றியிருந்த டேப்பைக் கிழித்தேன். கறுப்புப் பையிலிருந்து ஜெசி சுருளை வெளியே எடுத்தாள். சின்னத் தட்டு அளவு இருக்கும். அவள் அதைத் தட்டையாகப் பிடித்துக்கொள்ள, நான் முனையை எடுத்து, வெளிச்சம் புகாத நூறு அடி டப்பாவுக்குள் சுற்றத் தொடங்கினேன். அவள் முனகிக்கொண்டிருந்தாள்.

சுருளின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை இருக்கும். அதன் மேல்தான் ஃபிலிம் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். கை மாற்றும்போது சுருளைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால், நடுவில் விரல் கொடுக்காவிட்டால், கட்டை நழுவிக் கீழே விழும். கட்டை போனால் உள்சுற்றுகள் ஒவ்வொன்றாகச் சரியும். வேகமாகச் சரியும். எனக்கு ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் சரசரவென்று நீளமாக ஒரு சத்தம்.

“ஐயோ. வுழுந்துச்சுடி.”

“அசையாதே. இழுக்காதே. எவ்வளவு?”

“பாதிக்கு மேல. கால்ல கீது. பாம்பு மாரி சுத்திகினு கீது.” இருமினாள். “நீ இன்னா பண்ற?”

“ஒண்ணும் பண்ணல. யோசிக்கிறேன்.”

அந்த இடத்தில் எனக்கு ஃபிலிமைப் பற்றித்தான் பயம். அந்தப் பயத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்ததை எழுதுகிறேன். இருநூறு அடிக்கு மேல் ஃபிலிம் தரையில். மிதித்தால் போச்சு, மடங்கினால் போச்சு, முடிச்சு விழுந்தால் போச்சு. ஜெசி உட்கார்ந்து, தரையில் கையை விட்டு, வளையம் வளையமாக எடுத்துக் கேனுக்குள் வைக்க வேண்டும். நான் நடுவில் நின்றால் மிதித்துவிடுவேன். ஆகவே கதவோரம் ஒதுங்கி நின்றேன். முடிவு சரியானதுதான்.

அப்போதுதான் நாற்றம்.

ஆலைகளுக்கு நடுவே இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நாற்றங்களின் பட்டியல் மனப்பாடம். மேற்கிலிருந்து வந்தால் குப்பைப் புகை. தெற்கிலிருந்து என்றால் மீனும் டீசலும். அழுகின முட்டை என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமையலைத் தொடர்வார்கள். நான் முதலில் நினைத்தது நம் பாட்டில் ஏதாவது சாய்ந்துவிட்டது என்று. இருட்டில் கையை நீட்டி அலமாரியைத் தடவினேன். எல்லா மூடியும் இறுக்கமாக இருந்தது. அதற்குள் கண் எரிந்தது. அமோனியா.

ஃபேன் வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது என்று புரிந்ததும் சுவிட்சை அணைத்தேன். அன்று நான் எடுத்த சரியான முடிவுகளில் அதுதான் கடைசி.

பிறகு என் படிப்பு பேச ஆரம்பித்தது. மூக்குக்குத் தெரிகிற அளவு வேறு, ஆளைச் சாய்க்கிற அளவு வேறு. இரண்டுக்கும் நடுவே நிறைய இடைவெளி உண்டு. கதவடியில் துணி இருக்கிறது, ஃபேன் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் தாங்கும். ஜெசி எடுத்து மூடிவிடுவாள். இந்தக் கணக்கு தவறில்லை. நல்ல மூச்சு உள்ள ஓர் ஆளுக்கு, அதாவது எனக்கு, அது சரியான கணக்கு.

மாடிப்படியில் ஓட்டம் கேட்டது. கதவு அதிர்ந்தது.

“ஏமே! ஜெசி! உள்ள இன்னா பண்ணிகினு கீறீங்க? கேஸு வுட்டுகினு கீது! ஜனமெல்லாம் ஓடுது, வெளிய வாங்கமே!”

“வரோம்க்கா! கேன் தொறந்திருக்கு, ரெண்டு நிமிஷம்!”

“கேனாவது பானாவது! வாங்கடி!”

“வரோம், வரோம். நீங்க போங்க!”

அவருக்குக் கீழே எழுந்து நடக்க முடியாத மாமனார் இருந்தார். நான் வருகிறேன் என்று சொன்னதை நம்பி இறங்கிப் போனார்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

“மூடியாச்சா?”

பதில் இல்லை. தரைப் பக்கமிருந்து ‘டக்’ என்று தகரச் சத்தம். மூடியைத் தேடி எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முதல் பீப். “சீக்கிரம்டி!”

டக். டக். முனகல் நின்றிருந்தது. கவனமாக வேலை செய்கிறாள், நல்லது என்று நினைத்தேன். இரண்டாவது பீப்.

“ஜெசி, மூடியாச்சா இல்லியா?”

மூக்கால் இழுத்த மாதிரி ஒரு சத்தம். ‘ம்’ கணக்கில் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அதையும் எழுத வேண்டும். வெளியே யாரோ பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார்கள். ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. என் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, இவள் ஏன் இத்தனை மெதுவாக இருக்கிறாள் என்று பற்களைக் கடித்தேன். மூன்றாவது பீப். டக். பிறகு வெகு நேரம் கழித்து இன்னொரு டக்.

பிறகு எதுவும் இல்லை.

அந்த அறையின் இருட்டு உங்களுக்கு இன்னும் தெரியாது. கண் பழகுகிற இருட்டு இல்லை அது. கையை முகத்துக்கு முன் ஆட்டினாலும் ஒன்றும் இல்லை. அதில் எதிரே இருக்கிறவர் பேசாமல் போனால், அவர் அங்கே இல்லை என்பதற்கும் இருக்கிறார் என்பதற்கும் வித்தியாசமே இல்லை. நான் குனிந்தேன். தரையைத் தடவினேன். ஃபிலிம் விரலில் பட்டது. உடனே கையை இழுத்துக்கொண்டேன். தடம் விழுமே என்று. அப்போதும் அதைத்தான் நினைத்தேன். மறுபடி நீட்டியபோது முடி பட்டது. ஜெசியின் தலை என் முழங்கால் உயரத்தில் இருந்தது. நெற்றி சில்லென்று நனைந்திருந்தது.

நான்காவது பீப் அடிக்கும்போது கதவைத் திறந்தேன்.

வெளிச்சத்தில் பார்த்தது: சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியிலும் காலிலும் தரையிலும் பளபளவென்று ஃபிலிம். உதடு நீலமாக இருந்தது. தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. கேனை மடியில் இடுக்கிக்கொண்டு அதன் மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். கேனுக்குள் ஒரு கைப்பிடி ஃபிலிம்தான் இருந்தது.

இன்ஹேலர் கதவிலிருந்து மூன்று அடியில் இருந்தது; எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மாடிப்படியில் பாதி தூரம் அவளை நான் இழுத்து வந்தேன், மீதி தூரம் சரசக்கா தூக்கினார். ஈரத் துண்டால் அவள் முகத்தைச் சுற்றினார். அவர் தம்பியின் ஆட்டோ சந்து முனையில் நின்றது. மாமனார் ஏற்கெனவே உள்ளே இருந்தார். திருவொற்றியூர் ரோடு முழுக்க ஜனம், கையில் குழந்தையோடு, கேஸ் சிலிண்டரோடு. ஒருவர் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். சரசக்கா வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்டோவின் தகரத்தை அடித்தார்.

“ஓரம் போய்யா! பொண்ணு மூச்சு வுட முடியாம கீது! ஏய், உனக்குத்தான், பேஜார் பண்ணாத!”

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்தார்கள். டாக்டர் என் வயதுப் பெண். எழுதிக்கொண்டே கேட்டார்.

“வாசனை வந்ததுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் உள்ள இருந்தாங்க?”

“ஆறு, ஏழு நிமிஷம். யாரோ வந்து சொன்னதுக்கு அப்புறம் நாலு நிமிஷம்.”

அவர் பேனாவை நிறுத்தினார். “சொன்னதுக்கு அப்புறமுமா? நாலு நிமிஷம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

பதில் வரட்டும் என்று காத்திருந்தேன் என்பதுதான் என்னிடம் இருந்த பதில்.

சாயங்காலம் ஜெசி மாஸ்க்கை விலக்கினாள். முதலில் கேட்டது இதுதான்: “நீ மூடுனியா?”

எங்கிருந்து கசிந்தது என்று பிறகு பல பேர் பல விதமாகச் சொன்னார்கள். எனக்குத் தெரியாததை நான் எழுதப்போவதில்லை. அரை மணியில் காற்று திரும்பிவிட்டது. தெருவில் வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்லோரும் முதல் சத்தத்திலேயே வெளியே ஓடியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அவள் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவளாகவே சொன்னாள்.

“நீ கேட்டது எனக்கு நல்லா கேட்டுச்சு. சொல்ல வாய் வர்ல. அதான் டப்பால தட்னேன்.”

“நீ மூடுறேன்னு நெனச்சேன்.”

“தட்னேன்டி. மூணு தபா தட்னேன். நீ ‘சீக்கிரம்’னு கத்துன. சரி, மூடுனாத்தான் நீ தொறப்பன்னு...” ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். “அதான் மூடப் பாத்தேன்.”

நான் புறங்கையால் கண்ணைத் துடைத்தேன்.

“அழுவாத. கஞ்சில உப்பு ஏற்கெனவே ஜாஸ்தி.”

அந்த மூன்று விதிகளையும் நான் எத்தனையோ முறை திரும்ப எடுத்துப் படித்துப் பார்த்திருக்கிறேன். எந்த வரியிலும் பிழை இல்லை. பாக்கெட் காலி, அதனால் மருந்து வெளியே. தாழ்ப்பாள் உள்ளே, அதனால் சரசக்காவால் தள்ள முடியவில்லை. முழு வார்த்தை வேண்டும், அதனால் மூச்சில்லாதவளுக்குக் கதவு இல்லை. ஃபிலிமுக்கு என்ன ஆபத்து வரும் என்று விதி விதியாக யோசித்து எழுதியவள், உள்ளே நிற்கிற ஆளுக்கு என்ன வரும் என்று ஒரு மாலைகூட யோசிக்கவில்லை. கெட்டவளாக இருந்து செய்யவில்லை. ஒழுங்காக இருந்து செய்தேன். எனக்கு அதுதான் இன்னும் பயம். அவசரத்தில் நாம் யோசிப்பதில்லை; ஏற்கெனவே எழுதி வைத்ததைத்தான் செய்கிறோம். எழுதி வைத்ததில் ஓர் ஆள் விட்டுப்போயிருந்தால், அவரை அவசரத்தில் யாரும் நினைக்கப்போவதில்லை.

ஆகவே நீங்கள் ஒரு விதி எழுதினால், அதைச் செய்ய முடியாமல் போகிற ஆள் அந்த நேரத்தில் எப்படி இருப்பார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நான் எழுதிய ஒன்றையும் அப்படிப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாற்றம் வந்தால் கணக்குப் போட வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு தாங்கும் என்பது பக்கத்தில் நிற்பவருக்குப் பொருந்தாது.

இப்போதைய நிலவரம்.

அந்த ஃபிலிம் இரண்டு நாள் வெளிச்சத்தில் தரையிலேயே கிடந்தது. சரியாமல் இறுக்கமாக இருந்த சுற்றுகளிலிருந்து ஒன்பது ரோல் தேறியது. படங்களின் ஓரத்தில் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கிறது. பதினெட்டுப் பேரில் யாரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவராவது கேட்டிருக்கலாம்.

ஜெசி இருட்டறைக்குள் வருவதில்லை. ஜன்னல் பக்க மேஜையில் உட்கார்ந்து கழுவிய ஃபிலிமை வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிறாள். பாக்கெட்டில் ஒரு இன்ஹேலர், பையில் ஒன்று. மழை நாட்களில் மாடிப்படியின் நடுவில் ஒரு முறை நிற்கிறாள். பாட்டுக் குழுவில் நீளமான வரிகளை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறாளாம். இதை அவள் சொல்லவில்லை, அவள் அம்மா சொன்னார். என் மேல் கோபம் உண்டா என்று நான் கேட்டதில்லை.

கதவில் இப்போது தாழ்ப்பாள் இல்லை. நான்தான் கழற்றினேன், திருகாணி இருந்த நான்கு ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன, அடைக்காதீர்கள். பலகையில் சரசக்காவின் கையெழுத்தில் புது வரி இருக்கிறது: ‘தட்டவும். பதில் வராவிட்டால் திறக்கவும்.’ உள்ளேயும் அதே விதிதான். “மூடியாச்சா?” என்று ஒரு முறை கேளுங்கள். அடுத்த பீப்புக்குள் வார்த்தை வராவிட்டால் கதவைத் திறந்துவிடுங்கள். ஃபிலிம் போகட்டும்.

புதுக் கேன் வந்துவிட்டது. சரசக்கா வீட்டு ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குக் கீழே, டேப் பிரிக்காமல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எடுத்து வெளியே வையுங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு நீங்கள் இருவரும் உள்ளே போவீர்கள். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். எனக்குப் பயமாக இருக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை தட்டுவேன்.